இரண்டாயிரத்து நூற்றுப் பத்தரைக் கோழிகள்

பெருந்தொற்றில் நஷ்டப்பட்ட பண்ணைகளுக்கு நிவாரணம் என்று அரசு அறிவித்த அன்று, அந்தப் பண்ணையில் எண்ணூற்று எண்பத்தாறு கோழிகள் உயிரோடு இருந்தன. அவற்றுக்குப் பதினோரு நாள் தீனி இருந்தது. விண்ணப்பிக்க அரசு பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு நாள் மிச்சம் என்று பண்ணைக்காரி கணக்குப் போட்டாள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்ததைத் தவிர அந்தக் கணக்கில் வேறு பிழை எதுவும் இல்லை.

ஊரடங்குக்கு முன்னால் அங்கே மூவாயிரம் முட்டைக்கோழிகள் இருந்தன. விடுதிகளும் ரொட்டிக்கடைகளும் மூடியதும் முட்டை வாங்க ஆளில்லாமல் போனது. சாலையை மூடியதும் தீனி லாரி வரவில்லை. பத்தொன்பதாம் நாள் கோழிகள் பசியில் ஒன்றையொன்று கொத்தித் தின்ன ஆரம்பித்தன. இருக்கிற தீனியில் மூன்றில் ஒரு பங்குகூடப் பிழைக்காது என்று தெரிந்த அன்று அவள் கணவன் கொட்டகைக்குள் போனான். மூன்று நாள் ஆனது. பின்பக்கம் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மண்ணை மூடிவிட்டு வந்து, "ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது.

அதனால் அலுவலகத்துக்கு அவள்தான் போனாள்.

நிவாரண அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் ஒரு பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காகிதம் வாங்க அதில் ஒரு ஓட்டை வெட்டியிருந்தார்கள். பிறகு பாதுகாப்பு கருதி அந்த ஓட்டையை ஒட்டிவிட்டார்கள்.

"படிவம் வேணும் சார்."

"படிவம் இந்தப் பக்கம் இருக்கும்மா. நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்க. அதான் பிரச்சினை."

"அப்ப எப்படி சார் வாங்கறது?"

"கீழ ஜெராக்ஸ் கடையில விக்கறாங்க."

வாங்கி வந்தாள். முதலில் மனிதர்களுக்காக அச்சடித்த படிவம் அது. மேலே 'நபர்' என்பதை அடித்து 'கோழி' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. இறந்தவரின் பெயர் என்ற இடத்தில் 'கோழி' என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது.

"தொழில்னு கேட்டிருக்கு சார்."

"உயிரோட இருந்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"முட்டை போட்டுட்டு இருந்துச்சு சார்."

"சுயதொழில்னு போடுங்க."

"இறந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவுன்னு..."

எழுத்தர் பட்டியலைப் பார்த்தார். தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், பிற. "பிற போட்டா விசாரணை வரும். மகள்னு போட்டுடுங்க. நானே ரெண்டு பண்ணைக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன்."

அவள் 'பிற' என்றே போட்டாள். எழுத்தர் பெருமூச்சு விட்டார். "சரி. ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு இறப்புச் சான்றிதழ் இணைக்கணும். கால்நடை மருத்துவர் குடுப்பாரு."

கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். ஆனால் கையெழுத்துப் போடுவதற்குப் பயப்படுவார். கண்ணால் பார்க்காத சாவுக்கு எப்படிச் சான்று கொடுப்பது என்று கேட்டார்.

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

"அப்ப நீங்க வீட்ட விட்டு வெளிய வரக்கூடாதுன்னு உத்தரவு சார்."

"ஆமா," என்றார் மருத்துவர் பெருமையோடு. "ஒரு நாள்கூட நான் வரல."

குழியைத் தோண்டிக் காட்டினால் சான்று தருவதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் மருத்துவரும் எழுத்தரும் பண்ணைக்கு வந்தார்கள். தோண்டுகிற ஆட்களை அரசு அனுப்பும் என்று விதியில் இருந்தது. அந்த ஆட்களை நியமிக்கும் வேலை அடுத்த ஆண்டுதான் தொடங்கும் என்பதால், மண்வெட்டியைப் பண்ணைக்காரியின் கணவனே எடுத்தான்.

மூடியதும் அவன்தான், திறந்ததும் அவன்தான். ஆறு மாதத்தில் சதையெல்லாம் மண்ணோடு போயிருந்தது. எலும்பும் சுண்ணாம்பும் சிறகுத் தண்டுகளும் வந்தன. அவன் ஒவ்வொரு சட்டியாக அள்ளிச் சல்லடையில் கொட்டினான். ஒருமுறைகூட நிமிரவில்லை. பண்ணைக்காரி தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நின்றாள். அவன் குடிக்கவில்லை.

"தலையை எண்ணலாமா?" என்று மருத்துவர் கேட்டார்.

"தலை உடைஞ்சு போகும்னு சுற்றறிக்கையில இருக்கு சார். காலைத்தான் எண்ணணும்," என்றார் எழுத்தர்.

உச்சி வெயில் வரை எண்ணினார்கள். நாலாயிரத்து இருநூற்று இருபத்தொன்று. எழுத்தர் கால்குலேட்டரைத் தட்டினார். "ஆயிரத்து ஐம்பத்தஞ்சே கால்."

"எப்படி சார்?" என்றாள் பண்ணைக்காரி.

"காலை எண்ணி நாலால வகுக்கணும். இது மாட்டுக்கு வந்த சுற்றறிக்கை. கோழிக்குத் தனியா வரல."

"கோழிக்கு ரெண்டு கால் சார்."

எழுத்தர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, அது உண்மைதான் என்று எழுத்துமூலம் தர ஒப்புக்கொண்டார். இரண்டால் வகுத்தபோது இரண்டாயிரத்து நூற்றுப் பத்தரை வந்தது.

"எனக்குக் கணக்குத் தெரியும் சார்." அன்றைக்குக் கணவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு. ஒவ்வொண்ணா என் கையாலதான்..."

மருத்துவர் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். "அதைச் சொல்லாதீங்க. பண்ணைக்காரரே கொன்னா அது இழப்பு இல்ல, அப்புறப்படுத்தல். அதுக்கு நிவாரணம் கிடையாது. எதால செத்துச்சுன்னு போடட்டும்?"

"பட்டினின்னு போடுங்க சார்," என்றாள் பண்ணைக்காரி.

"பட்டினியால சாகலையே. எலும்பைப் பாத்தாலே தெரியுது." மருத்துவர் பேனாவின் மறுமுனையைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'மேற்படி கோழிகள் பட்டினியை எதிர்பார்த்து முன்கூட்டியே இறந்தவை.'

ஆறு நாள் தீனி இருந்தது. பண்ணைக்காரி அதை எட்டு நாளாக நீட்டப் பார்த்தாள். ஒரு வேளை குறைத்ததும் கீழ்வரிசைக் கூண்டில் ஒரு கோழியின் முதுகில் ரத்தம் தெரிந்தது. தீனிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். நிவாரண உத்தரவின் நகலைக் காட்டினால் அன்றைக்கே லாரி வரும், காட்டாவிட்டால் லாரிக்கு வழி தெரியாது என்று அவர் சொன்னார்.

எட்டாம் நாள் உதவி இயக்குநரிடம் கோப்பு போனது. ஒரு காற்புள்ளி இல்லாததற்காக ஒரு கோப்பைப் பதினான்கு மாதம் நிறுத்திவைத்தவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கமா' என்று பெயர். அவரே அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"அரைன்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார் கமா.

"ஒரு கால் குறையுது சார். நாய் தோண்டி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"நாய் எடுத்தா அது திருட்டு. பெருந்தொற்று இல்ல. புகார் குடுத்தீங்களா?"

"நாய் மேலயா சார்?"

"நாயோட உரிமையாளர் மேல."

"அது தெருநாய் சார்."

"அப்ப தெருவோட உரிமையாளர் மேல. அது வேற இலாகா."

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். "சார், அந்த அரையை விட்டுடுங்க. ரெண்டாயிரத்து நூத்திப் பத்துக்குப் போட்டுக் குடுங்க. அந்த மூணு, நாலு கோழி எங்களோட போகட்டும். தீனி முடியப்போகுது சார்."

கமாவின் முகம் மாறியது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"விட்டுடவா? என்னம்மா பேசறீங்க? அரை உயிரா இருந்தாலும் உயிர்தானே? எங்க இலாகா மக்களுக்காக இருக்கற இலாகா. மக்கள் மட்டும் நேர்ல வராம இருந்தா இன்னும் பிரமாதமா வேலை செய்வோம். இந்தத் திட்டத்துல இன்னிவரைக்கும் ஒரு தப்பான பட்டுவாடாகூட நடந்ததில்ல, தெரியுமா? மேலிடத்துல பாராட்டினாங்க."

"எத்தனை பேருக்கு சார் குடுத்திருக்கீங்க?"

"இன்னும் யாருக்கும் குடுக்கல. அதனாலதான் சொல்றேன், தப்பே நடக்கலன்னு." அவர் மறுபடி உட்கார்ந்தார். குரல் தணிந்தது. "நான் கெட்டவன் இல்லம்மா. கம்ப்யூட்டர் அரையை ஏத்துக்காது. ஒரே ஒரு கால் கொண்டாங்க. இல்லேன்னா இருக்கற காலுக்கு ஒரு கோழியைக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. அன்னிக்கு நானே வந்து உயிரோட இருக்கறதையும் எண்ணணும். அது விதி."

பண்ணைக்காரி நேராகக் கறிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஒற்றைக் காலை மட்டும் கேட்டு வந்த ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைக் காகிதத்தில் சுற்றி மருத்துவரிடம் கொண்டுபோனாள். மருத்துவர் பிரித்துப் பார்த்து, முகர்ந்து, மெதுவாகத் திருப்பிச் சுற்றினார்.

"இது நேத்து செத்ததும்மா. நேத்து பெருந்தொற்று இல்ல. போன மாசமே முடிஞ்சதா அறிவிச்சாச்சு."

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் கொட்டகைப் பக்கம் போனபோது கோழிகள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் இருந்தன. உள்ளே அவள் கணவன் கூண்டு ஒன்றின் முன் நின்றிருந்தான். இடது கையில் ஒரு கோழியின் காலைப் பிடித்திருந்தான். வலது கையில் கத்தி.

"என்னங்க."

அவன் திரும்பவில்லை. "ஒரு கால்தானே கேக்கறாங்க. சுண்ணாம்புல ஊறவெச்சா பழசு மாதிரி ஆயிடும்."

"கோழி?"

"கோழி இருக்கும். ஒத்தக் காலோட இருக்கும்." அவன் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு பண்ணினவன்தானே நான். இன்னும் ஒரு கால்ல என்ன வந்துடப் போகுது?"

கோழி சிறகடிக்கக்கூட இல்லை; கழுத்தைச் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் அவன் விரல்கள் தளர்ந்தன. கோழி கூண்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்தது.

"வேணாங்க," என்றாள் அவள். "பணம் வராட்டி போகட்டும். எல்லாத்தையும் கறிக்கடைக்குக் குடுத்துட்டு எங்கயாவது வேலைக்குப் போகலாம்."

அவன் கத்தியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை கமாவின் ஜீப் வந்தபோது மணி மூன்றே முக்கால். அலுவலகத்துக்குத் திரும்ப இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஐந்து மணி அடித்தால் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தானாகவே மூடிவிடும். கமாவும் எழுத்தரும் மருத்துவரும் காலுறை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கே பத்து நிமிடம் ஆனது.

"உயிரோட இருக்கறது எத்தனை?"

"எண்ணூத்தி எண்பத்தாறு சார்."

"நீங்க சொல்லக்கூடாது. நாங்க எண்ணணும்."

"இதையாவது தலையை எண்ணலாமே சார்?" என்றார் மருத்துவர்.

"செத்ததைக் காலால எண்ணிட்டு உயிரோட இருக்கறதைத் தலையால எண்ணினா ரெண்டையும் எப்படி ஒப்பிடறது?" என்றார் கமா.

எழுத்தர் குனிந்து, கூண்டு கூண்டாகக் காலை எண்ணிக்கொண்டு போனார். கோழிகள் பசியில் கம்பியைக் கொத்தின. தீனித் தொட்டிகள் பாதிக்குமேல் காலி. நாலு மணி பத்து நிமிடம். நாலு பதினேழு. கடைசி வரிசையை முடித்து எழுத்தர் நிமிர்ந்தார். "ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தொண்ணு சார்."

பண்ணைக்காரி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். ஒற்றைப்படை. இன்னொரு அரை.

கமா கால்குலேட்டரை வாங்கினார். தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் விரிந்தன.

"நாலாயிரத்து இருநூத்தி இருபத்தொண்ணு. கூட ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தொண்ணு. மொத்தம் அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரெண்டு." அவர் குரல் தழுதழுத்தது. "வகுபடுதுய்யா! ரெண்டால வகுபடுது! எந்தக் கோழி?"

எழுத்தர் மூலைக் கூண்டைக் காட்டினார். அங்கே ஒரு பழுப்புக் கோழி, பசிக் களைப்பில் கண்ணை மூடி, ஒரு காலைச் சிறகுக்குள் மடக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது.

கமா அதன் முன் பயபக்தியோடு நின்றார். "இதோட இன்னொரு கால் எங்கன்னு நினைக்கறீங்க? குழியில இருக்கு. இதுதான் அந்த அரைக் கோழி. பாதி செத்திருக்கு, பாதி உயிரோட இருக்கு. ரெண்டு கணக்கும் நேராயிடுச்சு."

பண்ணைக்காரியின் கணவன் வாயைத் திறந்தான். அவள் அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றாள்.

மருத்துவர் கோழியைப் பார்த்தார். பிறகு பண்ணைக்காரியைப் பார்த்தார். பிறகு தன் காலணியைக் குனிந்து பார்த்தபடி, "எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார்.

"போட்டோ எடுங்க," என்றார் கமா.

எழுத்தர் கைபேசியை எடுத்தார். கையுறை போட்ட விரலுக்குத் திரை அசையவில்லை. கையுறையைக் கழற்ற முடியாது, விதி. மூக்கு நுனியால் தட்டிப் பார்த்தார், முகக்கவசம் தடுத்தது. நாலு இருபத்திரண்டு. மூலைக் கோழி கண்ணைப் பாதி திறந்தது. பக்கத்துக் கூண்டில் ஒரு கோழி தொட்டியைக் கொத்திச் சத்தம் போட்டது. பழுப்புக் கோழியின் சிறகு லேசாக அசைந்தது. வயிற்றுக்கடியில் மஞ்சளாக ஒரு விரல் நுனி எட்டிப் பார்த்தது. கணவன் மெதுவாக நகர்ந்து, வெளிச்சம் வந்த சன்னலை மறைத்து நின்றான். நிழல் விழுந்ததும் கோழி கண்ணை மூடியது. விரல் உள்ளே போனது.

"இந்தாங்கம்மா, உங்க விரலால தட்டுங்க," என்று எழுத்தர் கைபேசியை அவளிடம் நீட்டினார்.

அவள் தட்டினாள். படம் விழுந்தது. கமா அங்கேயே, தொட்டியின் விளிம்பில் காகிதத்தை வைத்து எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். குத்திய சத்தத்தில் பழுப்புக் கோழி திடுக்கிட்டு விழித்தது. மடக்கியிருந்த காலை நீட்டி, சோம்பல் முறித்து, கீழே ஊன்றி, இரண்டு காலாலும் நடந்து வந்து கமாவின் பேனாவைக் கொத்தியது.

கமா அந்த இரண்டு கால்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"பதிவாயிடுச்சு," என்றார். "இனிமே அது என்ன காட்டினாலும் நாங்க பொறுப்பில்ல."

ஜீப் நாலரை மணிக்குக் கிளம்பியது. நாலு ஐம்பத்தொன்பதுக்குக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டதாக எழுத்தர் போன் செய்தார். செத்த பாதியோடு உயிரோடு இருக்கிற பாதியைச் சேர்த்து முழுக் கோழியாகக் காட்டியதால் அரைத் தொல்லை தீர்ந்தது என்றும், அந்தத் திட்டத்தில் அதுதான் முதல் பட்டுவாடா என்றும், அலுவலகத்தில் எல்லோரும் கொஞ்சம் பயந்துபோயிருப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை இருவரும் உத்தரவு வாங்கப் போனார்கள். பிளாஸ்டிக் திரையின் ஓட்டையை அவர்களுக்காகப் பிரித்திருந்தார்கள். உத்தரவைத் தருவதற்கு முன் ஓர் உறுதிமொழித் தாளைக் கமாவே நீட்டினார். "இதுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

கணவன் வாங்கி, எழுத்துக் கூட்டுகிறவனைப் போல நிதானமாகப் படித்தான். 'எங்கள் பண்ணையில் இறந்த கோழிகள் இரண்டாயிரத்து நூற்றுப் பத்தரை மட்டுமே என்றும், அதற்குமேல் ஒரு கோழியும் இறக்கவில்லை என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.'

பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றான். இந்த நிமிடத்தில் இவன் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். தீனி அன்று சாயங்காலத்தோடு சரி.

"சார்," என்றான் அவன். "அப்ப மூணரைக் கோழிய நான் கொல்லவே இல்லன்னு ஆகுது."

"கொல்லல. சர்க்காரே சொல்லுது."

"நிச்சயமா?"

"முத்திரை போட்டிருக்கே," என்றார் கமா சற்று மனத்தாங்கலோடு.

அவன் சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு. எழுத்தர்கூடத் திரைக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பிறகு அவர் நிறுத்திவிட்டார். ஏனென்றால் எதிரே இருந்தவனின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன, சத்தம் சிரிப்பாக இல்லை. பண்ணைக்காரி அவன் முதுகில் கை வைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

தீனிக்கடைக்காரரிடம் நகலைக் காட்டினார்கள். லாரிக்கு வழி உடனே தெரிந்துவிட்டது. மூட்டைகளுக்குப் பக்கத்தில், லாரியின் பின்பக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்து வந்தார்கள். பண்ணைக்குத் திரும்பும் வளைவில் அவன் கேட்டான்.

"ஏம்மா, அந்த மூணு கோழி... நான் அசந்த நேரம் கதவு வழியா ஓடியிருக்குமோ?"

நாய்கள் தோண்டிய இடத்தை அவள்தான் இரண்டு தடவை மண் போட்டு மூடியிருந்தாள்.

"ஓடித்தான் இருக்கும்," என்றாள். "அந்த அரையும் கூடவே ஓடியிருக்கும்."

அவன் தலையாட்டினான். லாரி நின்றதும் முதல் மூட்டையை அவனே தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனான். எண்ணூற்று எண்பத்தாறு கோழிகளும் ஒரே நேரத்தில் கத்தின.